டி.ஜே. தம்பியும் நம் சபையும்



வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி கூடுகிறது. மதில் சுவர்ப் பழுது, அறுப்பின் பண்டிகைக் கணக்கு, கல்லறைத் தோட்டத்திற்குப் போகும் வழி ஆகியவற்றிற்குப் பிறகு நான்காவதாக ஒரு பொருள் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி டி.ஜே. தொழிலுக்குத் திரும்பிவிட்டபடியால் அந்தப் பொறுப்பில் அவர் நீடிக்கலாமா என்பதே அது. எழுத்தில் புகார் கொடுத்தவர்கள் இருவர். வாய்மொழியாக என்னிடம் சொன்னவர்கள் பலர். கமிட்டிக்குத் தலைமை தாங்குகிறவன் முன்கூட்டியே தன் கருத்தை எழுதுவது முறையா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் இந்தக் காரியத்தில் நான் நடுவன் அல்லன், ஒரு தரப்பு. அதை மறைத்துக்கொண்டு நாற்காலியில் அமர்வதைவிட, சொல்லிவிட்டு அமர்வது மேல்.

அந்தத் தம்பி யார் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரை எழுத வேண்டியதில்லை. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த அளவிற்கே எழுதுகிறேன். பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவர். தகப்பனார் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். படிப்பு முடித்துச் சென்னைக்குப் போனவர், அங்கே டி.ஜே. வேலையைக் கற்று, வார இறுதி நாட்களில் விடுதிகளில் இசைத்துப் பிழைத்தார். அவர் விரும்பி இசைத்தது 'ஹவுஸ்' என்னும் இசை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாடு முழுவதும் மேடைகள் இருண்டன. கருவிகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். வந்த சில மாதங்களில் தகப்பனார் படுக்கையில் விழுந்தார்.

அப்போது ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். "தம்பி, அந்த வாழ்க்கை போதும். அதை விற்றுவிடு" என்றேன். விற்றார், பாதி விலைக்கு. அடுத்த உபவாசக் கூட்டத்தில் அவரை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தேன். அவர் மூன்று வாக்கியம் பேசி அமர்ந்துவிட்டார். மீதியை நானே பேசினேன். நீங்கள் கைதட்டினீர்கள். அதன்பின் ஐந்து ஆண்டுகள் வெங்காய மண்டியில் கணக்கு எழுதினார். ஞாயிறுதோறும் நமக்குக் கீபோர்டு வாசித்தார். சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு மாலை வந்து, "ஐயா, மறுபடியும் ஆரம்பிக்கப் போறேன். நான் விட்டது பாவத்தை இல்லை, என் வேலையை" என்றார். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது மனதில் தைத்ததால், நான் விற்கச் சொன்னது எதை என்று அறிந்துகொள்ளத் தொடங்கினேன். ஐந்தாண்டு பிந்திய படிப்பு. நம்மில் பலர் டி.ஜே. என்றால் கல்யாண மண்டப வாசலில் பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கி அடுக்கி, நெஞ்சு அதிரக் குத்துப்பாட்டுப் போடுகிறவர் என்றே எண்ணுகிறோம். பாட்டைப் போடுவதற்கு என்ன திறமை வேண்டும் என்றும் கேட்கிறோம். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஹவுஸ் இசையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள் வரை, ஒவ்வோர் அடியிலும் பெரிய டிரம் விழும். இசைப்பவர் ஒரு காதில் மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டையும், மறு காதில் அடுத்து வரவேண்டிய பாட்டையும் கேட்கிறார். இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை மெல்லத் திருத்தி, அடியோடு அடி பொருந்தும் கணத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் கூட்டத்தைக் கடத்துகிறார். சரியாகச் செய்தால் எந்த இடத்தில் பாட்டு மாறியது என்பதை ஆடுகிறவர் அறியார். தவறினால் இரண்டு வண்டி மாடுகள் வெவ்வேறு நடையில் ஓடுவதுபோல் கேட்கும். இதில் கையைவிடக் காதுக்கே வேலை அதிகம்.

இந்த இசை பிறந்த கதையைப் படித்தபோதுதான் நான் அதிகம் கலங்கினேன். அதற்கு முன் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரி நாட்களில் ஒரு வாலிபர் முகாமில், கடைசி இரவு, உலக இசையைச் சுட்டெரிக்கச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகள் காசு சேர்த்துப் பதிவு செய்து வைத்திருந்த சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை நெருப்பில் போட்டேன். நாடா சுருண்டு எரிந்த நாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. பரிசுத்தமானேன் என்று அன்றிரவு அழுதேன். அவற்றுள் ஒன்று என் அக்காள் இரவல் கொடுத்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1979 ஜூலை 12 அன்று இதைவிடப் பெரிய எரிப்பு ஒன்று நடந்தது. கோமிஸ்கி பார்க் என்னும் பேஸ்பால் அரங்கத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு இடையே, டிஸ்கோ இசையை வெறுத்த ஒரு வானொலி அறிவிப்பாளர், மக்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகளை மைதானத்தின் நடுவில் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்தில் பாய்ந்தது. இரண்டாம் ஆட்டம் நடக்கவில்லை. அன்று பார்வையாளருக்கு இருக்கை காட்டும் வேலையில் நின்றவர்களுள் ஒருவர் வின்ஸ் லாரன்ஸ் என்னும் கறுப்பின இளைஞர். வந்து விழுந்த தட்டுகள் டிஸ்கோ மட்டுமல்ல, கறுப்பினக் கலைஞர் பாடிய வேறு தட்டுகளும் அவற்றில் இருந்தன என்று அவர் பின்னாளில் கூறினார். இசையின் பெயரால் எரிக்கப்பட்டது வேறு ஏதோ என்பதை அந்தச் சிறுவயதிலேயே அவர் கண்டுகொண்டார். அந்த வேலையில் அவர் காசு சேர்த்தது ஒரு சின்தசைஸர் வாங்குவதற்காக. 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய தட்டு, ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

அதே சிகாகோவில் 'வேர்ஹவுஸ்' என்றொரு நடனக்கூடம் இருந்தது. 'ஹவுஸ்' என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பர். 1977-இல் நியூயார்க்கிலிருந்து வந்த பிராங்கி நக்கிள்ஸ் என்னும் இளைஞர் அங்கே இரவு முழுதும் இசைத்தார். அங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அவர்களிலும் பலர் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். தோலின் நிறத்தால் ஊரும், இயல்பின் காரணமாகக் குடும்பமும், இரண்டின் காரணமாகவும் திருச்சபையும் தள்ளி வைத்தவர்கள். கிருபையிலிருந்து விழுந்தவர்களுக்கான தேவாலயம் என்று நக்கிள்ஸ் அந்த இடத்தைக் குறிப்பிட்டதாகப் படித்தேன். பிரியமானவர்களே, ஓர் ஆயன் இதை வாசித்துவிட்டு எளிதில் அடுத்த பக்கத்திற்குப் போய்விட முடியாது. தேவாலயம் என்று பெயர் கொண்ட நாம் கதவைச் சாத்தியபோது, ஒரு பழைய கிட்டங்கி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. நக்கிள்ஸ் பிற்காலத்தில் சர்க்கரை நோயால் ஒரு பாதத்தை இழந்தார். அதன் பிறகும் மேடைக்குத் திரும்பி வந்து இசைத்தார். 2014 மார்ச் 31 அன்று, 59 வயதில் இறந்தார்.

"இதெல்லாம் அமெரிக்கக் கதை ஐயா, நமக்கென்ன" என்று ஒரு மூப்பர் கேட்டார். நம் நாட்டுக் கதை ஒன்றும் உண்டு. அது இடைவெளிக்குப் பின் திரும்பி வருதலைப் பற்றியது.

சரண்ஜித் சிங் மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் கிதாரும் சின்தசைஸரும் வாசித்து வாழ்ந்தவர். படத்தின் எழுத்தில் பெயர் வராத, ஆனால் பாட்டில் கை தெரிகிற வகை. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகள் அவரிடம் வந்து சேர்ந்தன: ஜூபிடர்-8 என்னும் சின்தசைஸர், டி.ஆர்-808 என்னும் தாளக் கருவி, டி.பி-303 என்னும் சிறிய பேஸ் பெட்டி. மூன்றையும் இணைத்து, இந்துஸ்தானி ராகங்கள் பத்தை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அவற்றுள் பூபாளி நம்முடைய மோகனம். மால்கௌன்ஸ் நம்முடைய இந்தோளம். யமன் நம்முடைய கல்யாணி. கீர்த்தனை பாடிப் பழகிய நம் காதுக்கு அந்நியமானவை அல்ல. ஆனால் தட்டு விற்கவில்லை. ராகத்தை விரும்பியவருக்கு அது இயந்திரமாயிற்று. ஆட்டத்தை விரும்பியவருக்கு அது ராகமாயிற்று. அவர் தம் பிழைப்பைப் பார்க்கப் போனார். கல்யாண வீடுகளில் வாசித்தார்.

அந்த டி.பி-303 பெட்டியின் கதியும் அவர் தட்டின் கதியே. தனியே கிதார் வாசிப்பவருக்குத் துணையாக என்று செய்தார்கள், எவரும் விரும்பவில்லை, 1984-இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்தது. சிகாகோவின் 'ஃப்யூச்சர்' என்ற குழுவினர் அந்த மலிவுப் பெட்டியின் திருகுகளை முறுக்கி எழுப்பிய விநோத ஒலியை 1987-இல் தட்டாக வெளியிட, 'ஆசிட் ஹவுஸ்' என்ற புதிய வகையே பிறந்தது. அதே கருவிகளில், ஏறக்குறைய அதே ஒலியை, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மும்பைக்காரர் ஒருவர் எழுப்பியிருந்தார் என்பது அப்போது எவருக்கும் தெரியாது. 2002-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ போமன் என்னும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர் டெல்லியில் அந்தத் தட்டைக் கண்டெடுத்தார். 2010-இல் அது மறுபதிப்பாயிற்று. உலகம் வியந்தது. எழுபது வயதைக் கடந்த சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் ஏறி, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய தம் ராகங்களைப் பேரப்பிள்ளை வயதினருக்கு வாசித்தார். 2015 ஜூலையில் காலமானார்.

அவர் டி.ஜே. அல்லர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1982-க்கும் 2010-க்கும் நடுவில் உள்ள 28 ஆண்டுகளை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த ஆண்டுகளில் அவரை யாராவது ஓர் ஆலோசகர் எழுப்பி நிறுத்தி, 'அந்த இயந்திரத்தை விட்டேன், நிம்மதி அடைந்தேன்' என்று சாட்சி சொல்ல வைத்திருந்தால், அவர் சொல்லியிருக்கக்கூடும். பிழைப்புக்காக ஒருவர் விட்டதை நாம் மனந்திரும்புதல் என்று கணக்கில் எழுதிக்கொண்டால், அவர் அதைத் திரும்ப எடுக்கும் நாளில் பின்மாற்றம் என்று எழுத வேண்டியதாகிறது. தவறு முதல் வரியில் இருக்கிறது. நம் தம்பியின் காரியத்தில் அந்த முதல் வரியை எழுதியவன் நான்.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகார் எழுதியவர்களுள் ஒருவர், ஆர்மோனியம் வாசித்த கையால் டி.ஜே. பெட்டியைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறார். நாம் பரிசுத்தம் என்று எண்ணும் ஆர்மோனியம் பிரான்ஸ் நாட்டில் உருவானது. இந்திய இசைக்குப் பொருந்தாதது என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதைத் தள்ளி வைத்திருந்தது. பறையின் வரலாறு இன்னும் கசப்பானது. சாவுக்கு அடிக்கும் மேளம், தாழ்ந்தவர் தொடும் மேளம் என்று ஊர் ஒதுக்கியதைத் திருச்சபையும் சேர்ந்து ஒதுக்கியது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தெயோபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டிற்குள் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று நம் அறுப்பின் பண்டிகைப் பவனியில் பறை இல்லாவிட்டால் நீங்களே என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். சிகாகோ பிலிக்ரிம் பாப்டிஸ்ட் சபையில் நற்செய்திப் பாடல் மரபை வளர்த்த தாமஸ் டார்சி, அதற்குமுன் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் வாசித்தவர். இரண்டிற்கும் இடையே பலமுறை போய் வந்தவர். நம் நாளிலேயே ராபர்ட் ஹூட் என்பவர் இருக்கிறார். டெட்ராய்ட் நகரில் டெக்னோ இசையை உருவாக்கியவர்களுள் ஒருவர்; பின்னர் அலபாமாவில் குடியேறி, திருப்பணிக்கு அபிஷேகம் பெற்ற போதகரானவர். டி.ஜே. வேலையை விடவில்லை. 'ஃப்ளோர்பிளான்' என்ற பெயரில், தம் மகளோடு சேர்ந்து, ஆலயப் பாடகர் குரல்களை ஹவுஸ் தாளத்தில் இசைக்கிறார். என் உத்தியோகத்தில் உள்ள ஒருவர்! இந்த வயதில் என்னை அப்படிக் கற்பனை செய்து நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஆயினும், புகார் செய்தவர்கள் சொன்னதில் நியாயமானதும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட மாட்டேன். குடி ஓடும் இடங்களில் இந்த வேலை நடக்கிறது. இரவு நேரத்து வேலை. ஞாயிறு காலையில் கண் சிவந்து வருகிறார். சத்தம் முதியோரையும் கைக்குழந்தைகளையும் வருத்துகிறது. இவற்றை நான் அவரிடம் ஒளிவுமறைவின்றிக் கேட்டேன். அவர் சொன்ன பதில்களை அப்படியே தருகிறேன். குடிப்பதில்லை, குடித்தால் காது மந்தமாகும் என்றார். சனிக்கிழமை நிகழ்ச்சியை ஏற்றால் ஞாயிறு வாசிப்பைத் தவறவிடுவதில்லை என்றார். ஆனால் தூக்கக் கலக்கத்தில் இரண்டாம் பாட்டில் சுருதி மாறிப்போனதை ஒப்புக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம் என்பது வேறு விஷயம். இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. மண்டபக்காரர் கெஞ்சினாலும் பத்து மணிக்கு நிறுத்திவிடுவதாகச் சொன்னார். இதை நான் இரண்டு மண்டபங்களில் விசாரித்தேன், உண்மை. நம் கன்வென்ஷன் கூட்டங்கள் எத்தனை மணிக்கு முடிகின்றன என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. பேகம்பூர் எப்படிப்பட்ட இடம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலம் இருக்கும் பெரிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற ஊர். பாங்கு ஒலிக்கும்போது, அவர் எந்தத் தெருவில் இசைத்துக்கொண்டிருந்தாலும் ஒலியை முழுதும் இறக்கிவிடுகிறார். "சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் ஐயா, அம்மா ரேடியோவையே அணைச்சிடுவாங்க" என்றார். நாம் ஆலோசனைக் கூட்டம் வைத்து மத நல்லிணக்கம் பேசுகிறோம்.

திரும்பி வருவது அவருக்கு எளிதாயிருக்கவில்லை. விற்ற கருவியை அதைவிட அதிக விலைக்குத் தவணையில் வாங்கினார். ஐந்து ஆண்டில் காது பழக்கம் விட்டிருந்தது. இன்றைய கருவிகளில் இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே பொருத்திவிடும் பொத்தான் ஒன்று உண்டாம். முதல் இரண்டு மாதம் அதைத் தொடாமல், மொட்டைமாடி அறையில் ஒவ்வோர் இரவும் காதாலேயே பொருத்திப் பழகினார். இப்போது கல்யாண வரவேற்புகளுக்குப் போகிறார். கேட்பவர்கள் சினிமாப் பாட்டே கேட்கிறார்கள். தமக்குப் பிரியமான ஹவுஸ் இசையை எப்போது போடுவீர் என்று கேட்டேன். "பிரியாணிப் பந்தி நடக்கும்போது ஐயா. அப்போ யாரும் மேடையைப் பார்க்க மாட்டாங்க" என்றார். திண்டுக்கல்லில் அந்த நேரத்தில் எதை இசைத்தாலும் ஆட்சேபம் வராது என்பது உண்மைதான்.

கெட்ட குமாரன் உவமையை இந்தத் தம்பியின்மேல் ஏற்றிச் சிலர் பேசுகிறார்கள். அதை மறுபடி வாசித்துப் பார்த்தேன். மூத்தவன் வயலிலிருந்து வந்து வீட்டை நெருங்கும்போது அவன் காதில் முதலில் விழுவது இசையும் நடனமும்தான். தம்பி வந்த செய்தி அதற்குப் பிறகே தெரிகிறது. அவன் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறான். தகப்பன் எழுந்து வெளியே வர வேண்டியதாயிற்று. நாற்பது முறையாவது இந்தப் பகுதியில் பிரசங்கம் செய்திருப்பேன். அந்த வீட்டில் இசைத்தவர்கள் யார் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை. எவரோ கூலிக்கு வந்த இசைக்காரர்கள்தானே?

ஆகவே என் கருத்து இது. அவர் பாடகர் குழுவில் நீடிக்க வேண்டும். சனிக்கிழமை இரவு வேலை இருக்கும் வாரங்களில் மாற்றாக வாசிக்க இன்னொருவரை அவரே பழக்க வேண்டும். இதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். குடி ஓடும் நிகழ்ச்சிகளைப் பற்றிய முடிவை அவர் மனச்சாட்சிக்கே விடுகிறேன். மது விற்கும் விடுதியில் கணக்காளராயிருக்கும் நம் சபையார் ஒருவரிடமும், அத்தகைய விடுதிகளுக்குக் கோழி விநியோகிக்கும் இன்னொருவரிடமும் நாம் இதுவரை விளக்கம் கேட்டதில்லை. கமிட்டி என் கருத்திற்கு மாறாக முடிவெடுத்தால் கட்டுப்படுவேன். ஆனால் பதிவேட்டில் என் மறுப்பை எழுதுவேன்.

கமிட்டிக்கு முன்னதாக, ஞாயிறு ஆராதனையில் ஒன்று செய்யப்போகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவரைச் சாட்சி சொல்ல எழுப்பிய அதே இடத்தில் நின்று, அவருடைய பிழைப்பை நான் அவசரத்தில் பாவம் என்று பெயரிட்டதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்பேன். அவர் வேண்டாம் என்றார், வெட்கமாயிருக்கிறதாம். ஆனால் அன்று கைதட்டிய உங்கள் முன்னிலையில்தான் அது நடந்தது, திருத்துவதும் அங்கேதான்.

சென்ற செவ்வாய்க்கிழமை அந்த மொட்டைமாடி அறைக்குப் போயிருந்தேன். ஹெட்போனை என் தலையில் மாட்டி, இரண்டு பாட்டுகளைக் கொடுத்து, பொருத்துங்கள் ஐயா என்றார். கால் மணி நேரம் முயன்றேன். ஒன்று முந்தும், இழுத்துப் பிடித்தால் மற்றது முந்தும். கீழேயிருந்து அவர் தாயார், "யார்டா அது, இப்படிக் கோணல்மாணலாப் போடுறது?" என்று சத்தமிட்டார். தம்பி சிரித்துக்கொண்டே, "ஐயாம்மா" என்றார். கீழே மௌனம். பிறகு காப்பி வந்தது.

மாற்றுக் கருத்துள்ளவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டிற்கு வரலாம். அன்று தம்பிக்கு நிகழ்ச்சி இல்லை; அவரும் இருப்பார்.